ஒன்பது முதல் ஐந்து வரை

முதலில் கேட்டது நான் இல்லை, புனிதவல்லி.
ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது
பதினோராவது கொண்டை ஊசியில் ஆக்சிலேட்டரை விட்டதும்
முதுகில் தட்டினாள்:
"வண்டிக்குள்ள யாரோ சில்லறை எண்ணிட்டிருக்காங்க."

எனக்கு ஒன்றுமில்லை.
பதினாறு வருடத் தறி
என் காதிலிருந்து மெல்லிய சத்தங்களை
ஒவ்வொன்றாய் உருவிக்கொண்டு போய்விட்டது:
பல்லி, கொசு, குக்கரின் முதல் சீறல்,
மகள் தாழ்ந்த குரலில் கேட்கும் எதுவும்.

அம்மாப்பேட்டை தஸ்தகீர், டேப்பட் என்றான்.
கேஜ் விட்டுப் பார்த்தான், முறுக்கினான், நூற்றைம்பது வாங்கினான்.
பிறகு ஆயில் என்றான். மாற்றினோம்.
"இன்னும் எண்ணி முடிக்கல" என்றாள் இவள்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை.
கடைக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு தறி, அந்தப் பக்கம் எட்டு.
அந்தத் தடக்கு தடக்குக்கு நடுவே
நூறு சிசி எஞ்சின் எங்கே வலிக்கிறதென்று
எப்படிச் சொல்லும்?
"மாசத்துல ஒரு நாள்தான் நான் டாக்டர்,
மத்த நாள் கம்பவுண்டர்" என்பான்.

அந்த ஒரு நாள், வியாழன்.
பராமரிப்புப் பணி.
எட்டரைக்கே ஏழு வண்டி நின்றன. எங்களுடையது மூன்றாவது.
ஒன்பது அடித்து நாலு நிமிடத்தில் தெரு நின்றது,
நாடாக்கள் பாதி வழியில்.
காக்கை ஒன்று இத்தனை நாளும் இங்கேயே இருந்திருக்கிறது.
எதிர் மாடியில் யாரோ இருமினார்கள்.

எங்கள் முறை வந்தது. கிக்கரை மிதித்தான். ஆறிக் கிடந்த எஞ்சின்.
நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை ஹெட்டில் ஊன்றி
கைப்பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடினான்.
டேப்பட் மூடி, இல்லை.
கிளட்ச், இல்லை.
இடப்பக்கம், செயின் ஓடும் பொந்தின் மேல் நகர்த்தியதும்
புருவம் ஏறியது.
"டைமிங் செயின். நீயே கேளு."

கேட்டேன். வெறும் பிளாஸ்டிக்.
கொஞ்சம் யோசித்தான்.
கைப்பிடியைச் சட்டையில் துடைத்தான்.
"கடி."

கடித்தேன்.
தாடை வழியே வந்தது,
ஓட்டோடு கடலை மெல்வது போல ஒரு நறநற.
ஆக்சிலேட்டர் கொடுத்தால் போகும், விட்டால் திரும்பும்.
மூன்று மாதமாய் அவள் சொன்னதெல்லாம்
என் கடைவாயில்.
எச்சில் ஒழுக அவளைப் பார்த்துச் சிரித்தேன்.
ஏழாவது வண்டிக்காரன் போனில் படமெடுத்தான்.

டென்ஷனரைக் கழற்றிக் கட்டைவிரலால் அழுத்தினான்.
தண்டு முரண்டே பிடிக்காமல் உள்ளே போனது. போகக் கூடாது.
பாவு தொய்ந்தால் என்ன ஆகும் என்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.
"இத மட்டும் மாத்துவோம். செயின் ஓடும்" என்றான்.

"செயினை வெளிய எடுங்க" என்றாள் புனிதவல்லி.
பனங்காட்டில் கொலுசு பற்றவைக்கிறவள்.
மேக்னட்டைப் பிரித்து அவன் எடுத்துத் தர ஒன்றரை மணி நேரம்.
எண்ணெய் வழிய வழிய வாங்கி
படுக்கை வாட்டத்தில் நீட்டிப் பிடித்தாள்.
விறைத்து நிற்க வேண்டியது
ஈர வாழைநாராய் வளைந்து தொங்கியது.
"இது கொலுசா இருந்தா கடைக்காரர் மூஞ்சில எறிவாரு."

தஸ்தகீர் பதில் பேசவில்லை.
பையனை ஐந்து ரோட்டுக்கு அனுப்பினான்:
செயின், ரோலர், கைடு ரப்பர்.
பையன் வந்தபோது மணி மூன்று.
பின்னால் நின்ற நாலு பேரில் இரண்டு பேர்
அடுத்த மாத மின்தடைக்கு நாள் கேட்டுக்கொண்டு போயிருந்தார்கள்.

மேக்னட்டில் குறி நேர். கேம் பல்லில் புள்ளி நேர்.
ஒரு பல் தப்பினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்.
கையால் இரண்டு சுற்றுச் சுற்றினான்,
மறுபடி குறி பார்த்தான்,
என்ன நினைத்தானோ, மூன்றாவது சுற்றும்.

நாலு ஐம்பதுக்கு ஸ்டார்ட் ஆனது.
அவன் காது வைத்துத் தலையாட்டினான்.
அவள் கொஞ்சம் சாய்ந்து கேட்டாள்: "எண்ணி முடிச்சாச்சு."
என் பங்குக்கு நான் குனிந்து கைப்பிடியைக் கவ்வவும்

கரண்ட் வந்துவிட்டது, பத்து நிமிடம் முன்னதாக.
என் பல்லுக்கிடையில்
இருபது தறியும் நெய்ய ஆரம்பித்தன.